லிஃப்ட் ஓடாத காலையில் ஒரு வளாகச் சுற்று: நிகழ்வு ஆய்வு

இது பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றிக் காட்டும் ஒரே ஒரு காலைச் சுற்றைப் பற்றிய பதிவு. வந்தவர்கள் 22 பேர், மாணவத் தன்னார்வ வழிகாட்டிகள் 2 பேர், திட்டமிட்ட நேரம் 75 நிமிடம். வந்தவர்களில் ஒருவர் மோட்டார் சக்கர நாற்காலியில் வந்த பள்ளி இறுதியாண்டு மாணவி. அறிவியல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் ஆய்வகத்தைப் பார்ப்பதற்காகவே அவர் வந்திருந்தார். அதைப் பார்க்காமலே திரும்பினார். லிஃப்ட் பழுதானதுதான் காரணம் என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு நிதானமாகப் பிரித்துப் பார்த்தபோது, அந்தக் காலையில் நேர்ந்த பல பிழைகளில் லிஃப்ட் ஒன்று மட்டுமே என்று தெரிந்தது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களும் இடமும் இங்கே தரப்படவில்லை.

## பின்னணி

சேர்க்கைக்கு முன் பல்கலைக்கழகத்தைப் பார்க்க வருகிறவர்களை அழைத்துச் செல்வது அங்கே மாணவத் தன்னார்வலர்களின் வேலை. புதிதாகச் சேரும் தன்னார்வலர் இரண்டு சுற்றுகளில் மூத்தவர் பின்னால் நடந்து கவனிப்பார். மூன்றாவது சுற்றை அவரே நடத்துவார். மூத்தவர் பின்னால் வருவார். பயிற்சி என்பது பெரும்பாலும் மனப்பாடம்தான்: எந்தக் கட்டடம் எப்போது எழுந்தது, நூலகத்தில் எத்தனை புத்தகங்கள், எந்தத் துறைக்கு என்ன பெருமை. வழியில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

வழியின் நீளம் 1.6 கி.மீ. வரவேற்பு மையத்தில் தொடங்கி நூலகம், விரிவுரை அரங்கம், அறிவியல் கட்டடம், மாணவர் மையம், விளையாட்டரங்கம் வழியாக விடுதியின் மாதிரி அறையில் முடியும். வரவேற்பு மையத்தையும் சேர்த்தால் 7 நிறுத்தங்கள். வயதானவர்களும் குழந்தைகளும் கலந்த கூட்டம் வினாடிக்கு 1 மீட்டருக்கு மேல் நகராது. அப்படியானால் நடைக்கே 27 நிமிடம். நிறுத்தத்துக்கு 5 நிமிடம் என்றால் 35. மீதி 13 நிமிடத்தில் கதவு, லிஃப்ட், கழிப்பறை, கேள்வி எல்லாம் அடங்க வேண்டும். ஒரே தடவையில் 8 பேர் ஏறக்கூடிய லிஃப்டில் 22 பேரை மேலே கொண்டுபோக மூன்று நடை. அதற்கே 5, 6 நிமிடம் போகும். ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் இந்தச் சுற்று நேரத்துக்கு முடிவது கடினம். இடையில் ஒன்று தடுக்கினால் வழிகாட்டி எதையாவது கைவிட்டே ஆக வேண்டும். எதைக் கைவிடுவது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

சுற்றுக்கு இரண்டு வழிகாட்டிகள். முன் வழிகாட்டி பேசி அழைத்துச் செல்வார். பின் வழிகாட்டி கடைசி ஆளோடு நடப்பார், கதவுகளைப் பிடிப்பார், ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலைகளை எண்ணுவார். பேச்சு வேலை இல்லாததால் இரண்டாவது வேலையை எளிது என்று நினைப்பார்கள். உண்மையில் ஒரு கூட்டம் சிதறாமல் இருப்பது இவர் கையில்தான் இருக்கிறது.

பதிவுப் படிவத்தில் ‘உங்களுக்கு ஏதேனும் உதவி தேவையா?’ என்று ஒரு கட்டம் இருந்தது. அந்த மாணவி சுற்றுக்கு 11 நாள் முன்பே அதை நிரப்பியிருந்தார்: மோட்டார் சக்கர நாற்காலி, படி ஏற முடியாது, அறிவியல் ஆய்வகம் பார்க்க வேண்டும். மூன்று சிறு வாக்கியங்களில் தேவையானது முழுவதும் இருந்தது. அது அலுவலகக் கணினியோடு நின்றுவிட்டது. வழிகாட்டிகளுக்குத் தரப்பட்ட தாளில் பெயர், உடன் வருவோர் எண்ணிக்கை, விருப்பப் பாடம் ஆகிய மூன்று பத்திகளே இருந்தன. உடல்நிலை பற்றிய தனிப்பட்ட தகவல் மாணவர் கைகளுக்குப் போகக் கூடாது என்று நல்ல எண்ணத்தில்தான் தாளை அப்படி வடிவமைத்திருந்தார்கள். ஆனால் வழியில் படி இருக்கக் கூடாது என்பது உடல்நிலைத் தகவல் அல்ல, வழியைப் பற்றிய தகவல். இந்த வேறுபாட்டை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

## புறப்படும் முன்

மாணவியும் அவருடைய அப்பாவும் 9:40க்கே வந்துவிட்டார்கள். சுற்று 10 மணிக்கு. முன் வழிகாட்டி மூன்றாம் ஆண்டு மாணவி, அனுபவமுள்ளவர். வந்தவர்களைப் பார்த்ததும் அப்பாவிடம் போய், “சார், இவங்களால எல்லா இடத்துக்கும் வர முடியுமா?” என்று கேட்டார். அப்பா மகளைப் பார்த்தார். மகள்தான் பதில் சொன்னார்: “படி இல்லன்னா வருவேன் அக்கா.”

இந்தக் கேள்வியில் இரண்டு தவறுகள் உண்டு. முதலாவது வெளிப்படை: எதிரே இருப்பவரைப் பற்றி அவர் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டது. இரண்டாவது அவ்வளவு எளிதில் கண்ணுக்குப் படாது. வழியை ஒருபோதும் பார்த்திராத விருந்தினரிடம் அந்த வழியில் வர முடியுமா என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? வழியை அறிந்தவர்தான் வழியைச் சொல்ல வேண்டும்: “அறிவியல் கட்டடத்துல லிஃப்ட்ல போகணும், விடுதி வாசல்ல மூணு படி இருக்கு, ரெண்டு இடத்துல நடைபாதை குறுகும். உங்களுக்கு எப்படிச் செஞ்சா சரியா இருக்கும்?” வழிகாட்டியால் இப்படிக் கேட்டிருக்க முடியாது. அந்த விடுதியின் மூன்று படிகளை இரண்டு ஆண்டுகளாகத் தினமும் ஏறி இறங்கியவர் அவர். அங்கே படி இருப்பது அவர் நினைவிலேயே இல்லை.

லிஃப்ட் இருக்கிறது என்பதால் வழக்கமான வழியிலேயே போகலாம் என்று முடிவு செய்தார். அவருக்குத் தெரிந்த அளவில் அது நியாயமான முடிவு. அன்று காலை 8:15க்கே லிஃப்ட் பழுது என்று அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. பராமரிப்புப் பிரிவு கட்டடத்தில் உள்ள துறைகளுக்கெல்லாம் தகவல் அனுப்பியிருந்தது. அந்தப் பட்டியலில், சுற்றுகளைக் கவனிக்கும் வரவேற்பு மேசை இல்லை.

## முதல் அரை மணி நேரம்

முன் வழிகாட்டி கூட்டத்தைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தார். முகம் தெரியும், குரல் கூட்டத்தின் பக்கம் போகும் என்பதற்காகப் பல இடங்களில் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். விலை என்னவென்றால், தனக்குப் பின்னால் வரும் மேடு, பள்ளம், மிதிவண்டி எதையும் வழிகாட்டி பார்க்க மாட்டார். அதோடு, நடந்துகொண்டே சொல்வது பாதிப் பேருக்குக் கேட்கவும் கேட்காது. திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டர் தொலைவில் 60 டெசிபெல்லாக இருக்கும் சாதாரணப் பேச்சு, 8 மீட்டரில் 42 ஆகிவிடும். காற்றும் காலடிச் சத்தமும் அதை விழுங்கிவிடும். இரண்டு மீட்டர் அகல நடைபாதையில் 22 பேர் நடந்தால் வரிசை 12 மீட்டருக்கு மேல் நீளும்.

அந்த வரிசையின் கடைசியில்தான் மாணவி இருந்தார். அவர் விரும்பி அங்கே போகவில்லை. நூலகத்துக்கு முன்னால் நடைபாதை முடிந்து சாலையைக் கடக்க வேண்டும். நடைபாதையின் விளிம்பு மேடு சாலைக்குச் சரிவாக்கப்பட்ட இடம் 40 மீட்டர் தள்ளி இருந்தது. போய்த் திரும்ப 80 மீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம். கூட்டம் நிற்கவில்லை. அவர் நூலகத்தை அடைந்தபோது வழிகாட்டி காட்சிப் பலகையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கண் மட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர்தான். நிற்பவர்களுக்குப் பின்னால் இருந்தால் அவருக்குத் தெரிவது முதுகுகளும் பைகளும் மட்டுமே.

பின் வழிகாட்டி இதைக் கவனித்தார். முன்னால் இருந்தவர்களிடம் மெதுவாகச் சொல்லி இடம் வாங்கினார். விரிவுரை அரங்கத்தில் மாணவியும் இரண்டு குழந்தைகளும் முன் வரிசைக்கு வந்தார்கள். கடைசி ஆள் வந்து இடம் பிடித்த பிறகே பேச்சைத் தொடங்கும்படி முன் வழிகாட்டிக்குச் சைகை காட்டினார். இதற்கு ஆன செலவு ஒரு நிமிடம்கூட இல்லை. அன்றைய சுற்றில் சரியாக நடந்தவற்றில் இது முக்கியமானது. யாரும் சொல்லித் தராமல் பின் வழிகாட்டி தானாகச் செய்தது.

## அறிவியல் கட்டட வாசலில்

10:31க்கு வந்து சேர்ந்தார்கள். லிஃப்ட் கதவில் அறிவிப்பு. ஏறத்தாழ இரண்டு நிமிடம் கூட்டம் வாசலில் நின்றது. அந்த இரண்டு நிமிடத்தில் நான்கு யோசனைகள் வந்தன.

கூட்டத்திலிருந்த இரண்டு இளைஞர்கள், தூக்கிக்கொண்டு போகிறோம் என்று முன்வந்தார்கள். மாணவி உடனே வேண்டாம் என்றார். இதில் வழிகாட்டிகளும் உறுதியாக நின்றது மிகச் சரி. மோட்டார் சக்கர நாற்காலி ஆள் இல்லாமலே 100 கிலோவைத் தாண்டக்கூடியது. தெரியாதவர்கள் பிடிக்கப் போவது கைப்பிடியையும் பாதம் வைக்கும் தட்டையும்தான். பல நாற்காலிகளில் அவை கழற்றக்கூடிய பாகங்கள், தூக்கும்போது கையோடு வந்துவிடும். நாற்காலியைக் கீழே விட்டுவிட்டு ஆளை மட்டும் தூக்கிப் போனால் மேலே அவரால் சொந்தமாக எங்கும் நகர முடியாது. மேலே இருக்கும்போது தீ எச்சரிக்கை மணி அடித்தால் எப்படி இறக்குவது என்ற கேள்வியும் இருக்கிறது. லிஃப்ட் ஓடும் நாளிலும் இந்தக் கேள்வி தீர்ந்துவிடாது: தீயின்போது சாதாரண லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. அந்த மாடியில் காத்திருக்கும் பாதுகாப்பான இடம் எது, ஆளைப் படிவழியே இறக்கும் அவசர நாற்காலி எங்கே இருக்கிறது என்று வழிகாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருவருக்கும் தெரியாது.

யாரும் மாடிக்குப் போக வேண்டாம் என்பது இரண்டாவது யோசனை. அறிவியல் படிப்புக்காகவே பல குடும்பங்கள் வந்திருந்ததால் முன் வழிகாட்டி இதை ஏற்கவில்லை. லிஃப்ட் சரியாகும்வரை காத்திருப்பது மூன்றாவது. எப்போது சரியாகும் என்று சொல்ல ஆளில்லை. நான்காவதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்: கூட்டம் படியேறும், பின் வழிகாட்டி மாணவியையும் அப்பாவையும் கட்டடத்தின் பின்புறமுள்ள சரக்கு லிஃப்ட் வழியாக அழைத்து வருவார்.

முன் வழிகாட்டி பிறகு எழுதிக் கொடுத்த குறிப்பில் காரணம் இருக்கிறது: “அவங்களுக்காக எல்லாரையும் நிறுத்தினா அவங்களுக்கே சங்கடமா இருக்கும்னு நினைச்சேன்.” அவர் நினைத்தார், கேட்கவில்லை. மாணவியின் பின்னூட்டம் இது: “எல்லாரும் கீழயே இருங்கன்னு நான் கேட்டிருக்க மாட்டேன். ஆனா குப்பைத் தொட்டி பக்கம் போய் நிக்கறதைவிட வாசல்லயே இருந்து யார்கிட்டயாவது லேபைப் பத்திக் கேட்டிருப்பேன்.”

சரக்கு லிஃப்டின் சாவி வர 14 நிமிடம் ஆனது. சாவியோடு வந்த ஊழியர், ஆளை ஏற்ற முடியாது என்று மறுத்தார். அவர் செய்தது சரி. சரக்கு லிஃப்ட் ஆள் ஏற்றுவதற்காக அமைக்கப்பட்டதல்ல. உள்ளிருந்து இயக்கும் பொத்தான்கள், அவசர அழைப்பு வசதி ஆகியவை பலவற்றில் இருக்காது. பின் வழிகாட்டி முன்னவரைத் தொலைபேசியில் அழைத்தார். பேசும்போது மணி அடிக்கக் கூடாது என்பதால் முன்னவரின் தொலைபேசி ஒலியின்றி வைக்கப்பட்டிருந்தது. மேலே சென்ற கூட்டம் ஆய்வகத்தைப் பார்த்துவிட்டு 10:50க்கு வேறு வாசல் வழியாக மாணவர் மையத்துக்குப் போய்விட்டது.

பின் வழிகாட்டி இல்லாத கூட்டம் சிதறியது. மாணவர் மையத்தில் எண்ணியபோது 20 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 17 பேர். சிறு குழந்தையோடு வந்த ஒரு குடும்பம் வேறு படிக்கட்டில் இறங்கி வழி தவறியிருந்தது. அவர்களைக் கண்டுபிடித்தபோது 11:10. மாணவியும் அப்பாவும் 11:02க்கு வந்து சேர்ந்தார்கள். அரை மணி நேரத்தில் அவர்கள் பார்த்தது ஒரு பின்வாசலையும் ஒரு பூட்டிய கதவையும் மட்டுமே.

## விடுதி வாசலில்

விளையாட்டரங்கம் கைவிடப்பட்டது. விடுதியின் வாசலில் மூன்று படிகள். அங்கிருந்த ஊழியர் ஒருவர் பரிவோடு ஒரு பலகையை எடுத்துவந்தார். ஒரு படிக்கு 15 செ.மீ. என்றால் மொத்த உயரம் 45 செ.மீ. சாய்தளத்துக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு 1:12, அதாவது ஓர் அலகு உயரத்துக்கு 12 அலகு நீளம். 45 செ.மீ. ஏற 5.4 மீட்டர் வேண்டும். பலகையின் நீளம் 2 மீட்டர். அந்தச் சரிவில் நாற்காலி பின்னோக்கிக் கவிழலாம், அல்லது சக்கரத்தின் உந்தலில் பலகையே நழுவலாம். இம்முறை முன் வழிகாட்டி நேராக மாணவியிடம் கேட்டார். அவர் வேண்டாம் என்றார்.

பிறகு நடந்ததுதான் அந்தச் சுற்றின் நல்ல பகுதி. விடுதி பற்றிய பேச்சை முன் வழிகாட்டி எல்லோருக்கும் வாசலுக்கு வெளியே, மர நிழலில் வைத்துக்கொண்டார். மாதிரி அறையில் எப்படியும் ஒரே நேரத்தில் 7 பேருக்கு மேல் நிற்க முடியாது. கூட்டம் மூன்று குழுக்களாக உள்ளே போய் வந்தது. அதற்கு முன்பே பின் வழிகாட்டி அறைக்குள் போய், காணொளி அழைப்பில் மாணவிக்குக் காட்டத் தொடங்கினார். எதைக் காட்டுவது என்று தீர்மானித்தது மாணவி. படுக்கையின் உயரம், மின்சுவிட்ச் எட்டும் உயரம், பிறகு குளியலறைக் கதவு. “அது எவ்வளவு அகலம் அக்கா?” அளவு நாடா இல்லை. பின் வழிகாட்டி கையிலிருந்த ஏ4 தாளை நீளவாக்கில் வைத்துப் பார்த்தார்; இரண்டரைத் தாள். ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ. என்பதால் ஏறத்தாழ 74 செ.மீ. நாற்காலியின் அகலம் 66. நுழையலாம், ஆனால் இருபுறமும் கையிடிக்கும். இடையூறில்லாத திறப்புக்கு 80 செ.மீ.க்குக் குறையாமல் வேண்டும். இந்தப் பதில் அவருக்குப் பயன்பட்டது. நூலகத்தில் எத்தனை புத்தகங்கள் என்பது பயன்படவில்லை.

## கேள்வியும் இரண்டு பதில்களும்

சுற்று 11:34க்கு முடிந்தது. விடைபெறும்போது மாணவி கேட்டார்: “நான் இங்க சேர்ந்தா தினமும் லேபுக்கு எந்த வழியாப் போவேன்? லிஃப்ட் நின்னுபோற அன்னைக்கு என்ன பண்ணுவேன்?”

முன் வழிகாட்டி தனக்குத் தெரியாது என்று சொன்னார். கேள்வியை அவர் சொன்னபடியே எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, மின்னஞ்சல் முகவரியைப் பயன்படுத்த அனுமதி வாங்கினார். இரண்டு நாளில் எழுத்தில் பதில் வரும் என்றார். அதே நேரத்தில் வரவேற்பு மேசையில் இருந்த வேறொரு தன்னார்வலர் அப்பாவிடம், “கவலைப்படாதீங்க சார், சேர்ந்தா எல்லாம் செஞ்சு குடுத்துடுவாங்க” என்று ஆறுதல் சொன்னார்.

இரண்டும் நல்ல மனதோடு சொன்னவை. ஆனால் வழிகாட்டியின் சொல்லை வருகிறவர்கள் பல்கலைக்கழகத்தின் சொல்லாகவே எடுத்துக்கொள்வார்கள். அறை, உதவித்தொகை, துறை மாற்றம், கட்டட வசதி எதிலும் முடிவெடுக்கும் இடத்தில் தன்னார்வலர் இல்லை. மேசையில் சொன்ன ஆறுதலை அலுவலகம் பிறகு எழுத்தில் திருத்த வேண்டியிருந்தது. ஆறுதல் கேட்டு நம்பிய அப்பாவுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

## பதில் வந்த விதம்

இரண்டு நாளில் வருவதாகச் சொன்ன பதில் வர 9 நாள் ஆனது. சேர்க்கைப் பிரிவு கேள்வியைக் கட்டடப் பிரிவுக்கு அனுப்பியது. கட்டடப் பிரிவு மாணவர் நலப் பிரிவுக்கு. மூன்று இடத்திலும் கேள்வி இன்னொருவருடையதாகவே பார்க்கப்பட்டது. முன் வழிகாட்டி இரண்டு முறை நினைவூட்டியதால்தான் அது நகர்ந்தது.

வந்த பதிலில் மூன்று செய்திகள். முதலாண்டு ஆய்வக வகுப்பைப் பக்கத்துக் கட்டடத்தின் தரைத் தளத்தில் வைக்க முடியும்; கால அட்டவணை போடும் முன் கேட்க வேண்டும். லிஃப்ட் நின்றால் என்ன செய்வது என்பதற்கு எழுத்தில் எந்த ஏற்பாடும் அதுவரை இல்லை, இனி எழுதப்படும். மூன்றாவது செய்திதான் தன்னார்வலர்களை உலுக்கியது. அதே விடுதிக்கு, முன்வாசலிலிருந்து 60 மீட்டர் தள்ளி, படியில்லாத பக்கவாசல் இருந்தது. சலவைத் துணி ஏற்றி இறக்கும் வாசல் என்பதால் யாரும் அதை வாசலாகவே நினைக்கவில்லை. அகலமான குளியலறைக் கதவு கொண்ட தரைத்தள அறை ஒன்றும் அந்தப் பக்கம் இருந்தது. பலகை, நிழல், காணொளி எதுவும் இல்லாமல் அன்றே அவர் உள்ளே போயிருக்கலாம்.

நான்கு வாரம் கழித்து மாணவியும் அப்பாவும் மறுபடி வந்தார்கள். இம்முறை பல்கலைக்கழகத்திலிருந்து வழியை முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தார்கள்; லிஃப்ட் ஓடியது; ஆய்வகத்தையும் தரைத்தள அறையையும் பார்த்தார். இறுதியில் அவர் வேறு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். காரணம் கேட்கப்படவில்லை, கேட்டிருக்கவும் கூடாது.

## மாற்றப்பட்டவை

முதலில் வழி. படியில்லாத வழியை மாற்று வழியாக வைப்பதா, அதையே எல்லோருக்குமான வழியாக்குவதா என்று விவாதம் நடந்தது. மாற்று வழி என்று ஒன்று இருந்தால் அதில் ஒருவர் தனியாகப் போவார், கதையைத் தவறவிடுவார், பின் வழிகாட்டியும் அவரோடு போய்விடுவார். அன்று நடந்ததும் இதுதான். ஆகவே ஒரே வழி, அது படியில்லாத வழி என்று முடிவானது.

வழியை அளந்த முறை மற்ற இடங்களிலும் உதவும். சக்கர நாற்காலி பயன்படுத்தும் மாணவர் ஒருவருக்கு வேலைக்கான ஊதியம் கொடுத்து உடன் அழைத்துக்கொண்டார்கள். தன்னார்வலர்கள் கடன் வாங்கிய நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது அதற்கு ஈடாகாது. வாழ்ந்து பழகியவர் கண்ணுக்குப் படுவது வேறு. 5 மீட்டர் அளவு நாடா ஒன்று, கோணம் காட்டும் செயலியுள்ள தொலைபேசி ஒன்று. 1:12 சரிவு என்பது ஏறத்தாழ 4.8 பாகை; அதற்கு மேல் காட்டிய சாய்தளங்களைக் குறித்தார்கள். கதவுகளைத் திறந்த நிலையில், கதவின் தடிமனைக் கழித்து, உண்மையில் கிடைக்கும் இடைவெளியை அளந்தார்கள். சட்டத்திலிருந்து சட்டம்வரை அளந்தால் சில செ.மீ. கூடுதலாகக் காட்டும், அந்தச் சில செ.மீ.தான் பிரச்சினை. நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம் வேண்டும் என்பதால் நிறுத்தங்களில் அந்த இடம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். உட்காரும் பலகைகளையும் குறித்தார்கள். இதனால் அதிகம் பயன்பெற்றது தாத்தா பாட்டிகள். பழைய வழியில் 75 நிமிடத்தில் உட்கார ஓரிடமும் இல்லை.

புதிய வழி 1.2 கி.மீ., 6 நிறுத்தங்கள். வினாடிக்கு 0.8 மீட்டர் என்று வைத்து நடைக்கு 25 நிமிடம், நிறுத்தத்துக்கு 6 வீதம் 36, கேள்விக்கும் தாமதத்துக்கும் 14. நடக்கும்போது பேச்சு இல்லை. பேச்சு நிறுத்தத்தில் மட்டும், கடைசி ஆள் வந்த பிறகு. வெயில் நாளில் வழிகாட்டி சூரியனைப் பார்த்து நிற்க வேண்டும், கூட்டம் அல்ல. அவர் முகத்தில் வெளிச்சம் விழுந்தால்தான் உதட்டசைவைப் படிப்பவர்களுக்குப் புரியும். பின்னோக்கி நடப்பது நிறுத்தப்பட்டது. ஒரு குழுவுக்கு அதிகபட்சம் 15 பேர். பின் வழிகாட்டி எந்தக் காரணத்துக்காகவும் கூட்டத்தை விட்டுப் போவதில்லை. தனி உதவி தேவைப்பட்டால் மேசையிலிருந்து மூன்றாமவர் வருவார்.

இரண்டாம் மாடி ஆய்வகம் சுற்றிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குப் பதிலாக ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இரண்டு கருவிகளைத் தரைத்தளக் கூடத்துக்குக் கொண்டுவந்து 10 நிமிடம் இயக்கிக் காட்டுகிறார். அன்று வாசலில் யாருக்கும் தோன்றாத ஐந்தாவது யோசனை இது. மாடி ஆய்வகத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்குச் சுற்று முடிந்த பிறகு தனி நேரம்.

சுற்றுக்கு அரை மணி நேரம் முன்பு மேசையிலிருப்பவர் பராமரிப்புப் பிரிவை அழைத்து எந்த லிஃப்ட், எந்தக் கதவு இயங்கவில்லை என்று கேட்டுப் பலகையில் எழுதுகிறார். வழிகாட்டித் தாளில் ‘வழிக்குத் தேவையானது’ என்று ஒரு பத்தி சேர்ந்தது. நோயின் பெயரோ காரணமோ அதில் வராது. படி கூடாது, உட்கார இடம் வேண்டும், முன் வரிசை வேண்டும், இப்படி மட்டும். சுற்றுக்கு மூன்று நாள் முன்பு வழியின் விவரம் எல்லோருக்கும் அனுப்பப்படுகிறது: தூரம், லிஃப்டுகள், உட்காருமிடங்கள், கழிப்பறைகள்.

பயிற்சியில் பதில்களை மூன்றாகப் பிரித்துப் பழகுகிறார்கள். தன் மாணவ வாழ்க்கையில் கண்டதை, தன் அனுபவம் என்று சொல்லியே சொல்லலாம். வெளியிடப்பட்ட விதிகளை எங்கே இருக்கிறது என்று காட்டலாம். மற்றவை கேள்வி அட்டையில் எழுதப்படும். அட்டைக்கு ஒரே பொறுப்பாளர். 2 வேலை நாளில் பதிலோ, ‘இன்னும் விசாரிக்கிறோம்’ என்ற செய்தியோ போக வேண்டும்.

## இன்னும் தீராதவை

15 பேர் வரம்பால் அதே கூட்டத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வழிகாட்டிகள் தேவைப்படுகிறார்கள். தேர்வு வாரங்களில் ஆள் கிடைப்பதில்லை. இரண்டு முறை சுற்றையே ரத்து செய்ய நேர்ந்தது. ஒரு குழுவை 22 ஆக்கிச் சமாளிப்பதைவிட அது மேல் என்றே ஒருங்கிணைப்பாளர் முடிவெடுத்தார். தொலைவிலிருந்து வந்தவர்களுக்கு அது பெரிய இழப்பு என்பதையும் மறுக்க முடியாது.

ஆய்வகக் கருவிகளைக் கீழே கொண்டுவருவது ஆராய்ச்சி மாணவரின் விருப்பத்தைப் பொறுத்தே நடக்கிறது. அவர் வராத நாளில் அந்த நிறுத்தம் வெறும் பேச்சாகிவிடுகிறது. கேள்வி அட்டைகளுக்குப் பதில் முன்பைவிட விரைவாகப் போகிறது, ஆனால் கட்டடம் பற்றிய கேள்விகள் இன்னும் தாமதமாகின்றன.

விடுதியின் முன்வாசலில் 5.4 மீட்டர் சாய்தளத்துக்கு நேராக இடமில்லை; சாலை குறுக்கிடுகிறது. நடுவில் திருப்பம் வைத்துக் கட்ட வேண்டும், அதற்கான ஒப்புதல் இன்னும் வரவில்லை. அதுவரை சுற்று முழுவதும் பக்கவாசல் வழியாகவே போகிறது. அங்கே பெயர்ப் பலகை இல்லை, சலவை வண்டி வந்து நின்றால் வாசல் அடைபடுகிறது. பழைய வழியில் பழகிய மூத்த தன்னார்வலர்கள் இன்றும் சில நாட்களில் பேச்சு வேகத்தில் கூட்டத்தை முன்வாசலுக்கே அழைத்துப்போய், மூன்று படிகளைப் பார்த்த பிறகு திரும்பி நடக்கிறார்கள்.